மோந்து பார்த்த ஏழு பேர்

ரசத்தில் பெருங்காயம் போடுவதில்லை என்று மெஸ்காரரோடு நான் மூன்று மாதம் சண்டை போட்டிருக்கிறேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது அந்த மெஸ். அவர் பாவம், ஒரு நாள் பெருங்காயக் கட்டியையே எடுத்து வந்து என் இலைக்குப் பக்கத்தில் வைத்து, "இதைக் கரைச்சித்தான் ஊத்தறேன், நம்பலைன்னா நீங்களே மோந்து பாருங்க" என்றார். மோந்து பார்த்தேன். "கலப்படம்யா இது, வெறும் கோந்து" என்று நாலு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்தில் சொல்லிவிட்டு எழுந்து கை கழுவினேன். எனக்கு அப்போதெல்லாம் மூக்குக்கு மேலே கோபம் வரும். மூக்கு செத்துப்போயிருந்தது மட்டும் தெரியாது.

நயா பைசா வந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். நான் விழுப்புரத்துக்காரன். தாய் தகப்பன் இல்லை. அண்ணன் வீட்டுச் சாப்பாடு, அண்ணி வாய்ப் பேச்சு. கல்யாணம் செய்து வைத்த கையோடு அண்ணன் எனக்கு ஒரு வேலையும் பிடித்துக் கொடுத்தார், தொலைந்தால் போதும் என்று. திண்டிவனத்திலிருந்து மயிலம் போகிற ரோட்டில், ஊர் முடிந்து வயல் ஆரம்பிக்கிற இடத்தில், ஒரு நீளமான ஓலைக் கொட்டகை. ஜனங்கள் அதை பிலிம் கொட்டாய் என்றார்கள். சினிமாக் கொட்டாய் என்று நினைத்துக்கொண்டு வண்டி கட்டி வந்து, "இன்னா படம் போடறீங்க?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப்போனவர்கள் உண்டு.

நாங்கள் படம் போடவில்லை, படத்தைக் கழுவினோம். ஓடி ஓய்ந்த சினிமாச் சுருள்கள் மெட்ராஸிலிருந்து தகரப் பெட்டிகளில் ரயிலேறி வரும். காஸ்டிக் சோடா போட்ட வெந்நீர்த் தொட்டியில் அவற்றை அவிழ்த்துப் போட்டுத் தேங்காய் நாரால் தேய்ப்போம். ராஜாவும் ராணியும் கழன்று கருப்புச் சேறாகத் தொட்டியின் அடியில் தங்குவார்கள். அந்தச் சேற்றில் வெள்ளி இருக்கிறது என்று முதலாளி தன் கையாலேயே வழித்து எடுத்துக்கொண்டு போவார். எங்களுக்கு மிஞ்சுவது கண்ணாடி போன்ற வெறும் பிலிம். அதைக் கொடியில் உலர்த்தி, பொடிப்பொடியாக நறுக்கி, டிரம்மில் கொட்டி, தின்னர் ஊற்றி மூடி, இரண்டு பேராகக் காலால் தள்ளித் தள்ளி உருட்டுவோம். மறுநாள் திறந்தால் கேப்பைக் கூழ் பதத்தில் இருக்கும். வேட்டித் துணியில் வடிகட்டிச் சாயம் கலந்தால் அதுதான் பாலிஷ். மரப்பெட்டிக்கும் பொம்மைக்கும் மோட்டார் வண்டிக்கும் பூசுகிறது. தேய்த்த தண்ணீரும் டிரம் அலசின தின்னரும் பின்பக்கத்து வாய்க்காலில் போகும். வாய்க்கால் எங்கே போகிறது என்று நான் கேட்டதில்லை.

இப்போது பத்திரிகைகளில் பிளாஸ்டிக் குப்பையை ரசாயனத்தில் கரைத்து மறுபடி பொருளாக்குவதைப் பற்றி ஏதோ நேற்று கண்டுபிடித்த அதிசயம் மாதிரி எழுதுகிறார்கள். படிக்கும்போது எனக்கு எரிச்சலாக வருகிறது. நான் அதைத்தான் செய்தேன், அந்தப் பெயர் தெரியாமல். அந்தத் தொழிற்சாலைகளில் மோந்து பார்க்க யாரை வைத்திருக்கிறார்கள் என்று ஒருவரும் எழுதுவதில்லை.

கொட்டாயில் நாங்கள் ஏழு பேர். மேஸ்திரி, நான், மூன்று ஆண்கள், இரண்டு பெண்கள். வாசலில் ஒரு டப்பா இருக்கும். பீடி, தீப்பெட்டியை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும், அந்தக் காலத்துப் பிலிம் அப்படிப் பற்றிக்கொள்ளும். உள்ளே அழுகின வாழைப்பழத்தையும் ஸ்பிரிட்டையும் சேர்த்துப் பிசைந்த மாதிரி ஒரு வாடை. முதல் வாரம் எனக்குத் தலை பிளந்தது. இரண்டு முறை வாந்தி எடுத்தேன். "மூக்கு படியறவரைக்கும்தான் தம்பி, அப்புறம் ஒண்ணும் தெரியாது" என்றார் மேஸ்திரி.

மூக்கு படிவதற்கு அங்கே ஒரு வழக்கமே வைத்திருந்தார்கள். மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, மேஸ்திரி டிரம் மூடியைத் திறந்து புது ஆளின் முகத்துக்கு நேரே பிடிப்பார். "இன்னா வாடை அடிக்குது?" என்பார். "ஒண்ணும் தெரியலீங்களே" என்று சொன்னால் எல்லோரும் கைதட்டுவார்கள். அன்றைக்கு மேஸ்திரி செலவில் டீயும் மசால்வடையும். "இனிமே நீ நம்ம ஆளு" என்று முதுகில் தட்டுவார். எனக்கும் தட்டினார். எஸ்.எஸ்.எல்.சி.யில் கோட்டை விட்டவனுக்கு ஒரு பரீட்சையில் தேறின சந்தோஷம்.

வீட்டில் மனைவிக்குத்தான் மூக்கு படியவில்லை. விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து விவசாயக் குடும்பத்துப் பெண். முதலில் கேலியாகத்தான் சொன்னாள். "ஏங்க, நீங்க தெரு முனை திரும்பறப்பவே எனக்குத் தெரிஞ்சிடுது. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னேன்னு சும்மாவா சொன்னாங்க?" சீயக்காய் போட்டு இரண்டு தடவை குளித்தும் வாடை போகாது. அவள் முழுகாமல் இருந்தபோது கேலி நின்றுபோனது. சோற்றைப் போட்டுவிட்டு முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வாசற்படியில் போய் உட்கார்ந்துகொள்வாள். நான் இலைக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருப்பேன்.

ஏழாம் மாதம் வளையல் போட்டுத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போனார்கள். திண்டிவனம் ஸ்டேஷனில் ரயில் வருவதற்கு முன்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "இந்த வேலைய வுட்டுட்டு வந்து கூப்புடுங்க. அன்னிக்கே கெளம்பி வர்றேன். இந்த வாடையோட வந்து என் புள்ளைய தொடாதீங்க. வேலதான் பெருசுன்னா, நான் புள்ளையோட அங்கயே இருந்துக்கறேன்." குரலை உயர்த்தாமல் சொன்னாள். அவள் குரலை உயர்த்தாமல் சொல்வதெல்லாம் நடக்கும் என்று அந்த ஒரு வருஷத்தில் எனக்குத் தெரிந்திருந்தது.

வேறு வேலை எங்கே கிடைக்கும்? அண்ணனிடம் போய் நிற்க மனசில்லை. மேஸ்திரியைக் கெஞ்சித் தொட்டியடியிலிருந்து பேக்கிங் பக்கம் மாற்றிக்கொண்டேன். பாலிஷை டின்னில் ஊற்றி மூடுகிற வேலை. ஒரு மாதம் கழித்துச் சட்டையைக் கழற்றி மோந்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை, கடையில் வாங்கின துணி மாதிரி இருந்தது. உடனே கடிதம் எழுதினேன், வாடை போய்விட்டது, குழந்தை பிறந்ததும் அழைத்துப்போக வருகிறேன் என்று. இன்னொரு கடிதத்தில், நீ இல்லாமல் சோறு சோறாக இல்லை, திண்டிவனத்து மல்லிகைப்பூகூட மணக்கவில்லை என்று எழுதியிருந்தேன். அவளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. பதில் கடிதத்தில், எழுதவே கூச்சப்படுகிற ஒரு வரியை எழுதியிருந்தாள். நான் எழுதினது சத்தியம், காரணம்தான் வேறு. பிரிவுத் துயரம் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

மெஸ் சாப்பாட்டில் ஓடிய அந்த மாதங்களைப் போலத் தனிமையை அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் அனுபவித்ததில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் அடுத்த நிறுத்தத்தில் எழுந்து நின்றுகொண்டு வருவார். டீக்கடையில் பெஞ்சு காலியாகும். முடிவெட்டுகிறவர் பேச்சுக் கொடுக்காமல் ஜல்தியாக வேலையை முடித்துத் துண்டை உதறுவார். டூரிங் கொட்டாயில் மணலில் உட்கார்ந்தால் என்னைச் சுற்றி ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு இடம் விட்டிருப்பார்கள். திண்டிவனத்துக்காரர்களே இப்படித்தான், வெளியூர்க்காரனை மதிக்கமாட்டார்கள் என்று முடிவு கட்டினேன். தன் முதுகு தனக்குத் தெரியாது. நானும் வீம்பாக யாரோடும் பேசுவதை விட்டேன்.

ஒரே ஒருவர் பேசினார். கொட்டாய் வேலிக்கு அடுத்த நிலத்துக்காரர். ஐம்பது வயசிருக்கும். மாடு கட்டி இறைக்கிற ஒரு கிணறு, கொஞ்சம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கொஞ்சம் கேப்பை. நான் வேலியோரமாக நின்று தனியாகச் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, வேகவைத்த மல்லாட்டையை முறத்தோடு வேலிக்கு மேலே நீட்டுவார். "சாப்புடு தம்பி, ஊட்ல பொம்பள இல்லாத ஆளு." காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது என்று பார்த்து அவர் எப்போதும் அந்தப் பக்கமாகத் தள்ளி நிற்பார். மரியாதைக்காகத் தள்ளி நிற்கிறார் என்று நினைத்திருந்தேன். அவருக்கு வந்த கடிதம் படித்துக் காட்டுவேன், பதில் எழுதித் தருவேன். அதனால் என்மேல் ஒரு மதிப்பு.

அந்த வருஷம் வாய்க்காலோரத்து மல்லாட்டை மஞ்சளாகப் போயிற்று. பிறகு கிணறு. தண்ணீரில் வார்னிஷ் வாடை அடிக்கிறது, மாடு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது என்று அவர் ஊர் மணியக்காரரிடம் போய்ச் சொன்னார். மணியக்காரர் நேர்மையான மனிதர். மறுநாள் காலை கொட்டாய்க்கே வந்தார். நிலத்துக்காரர் ஒரு பித்தளைச் செம்பில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து முதலாளிக்கு முன்னால் வைத்தார்.

மணியக்காரர் செம்பைக் குனிந்து பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். "இங்க நிக்கறப்ப எல்லாமே ஒரே வாடையா இருக்குது. செம்புலருந்து வருதா, கொட்டாயிலருந்து வருதான்னு எனக்குப் பிரிக்கத் தெரியல" என்றார். பிறகு ஒரு யோசனை சொன்னார். அந்த யோசனையை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வரும். "தெனம் இதுலயே பொழங்கறவங்களுக்குத்தான் வித்தியாசம் தெரியும். அவங்களே மோந்து பாத்துச் சொல்லட்டும்."

செம்பு கைமாறியது. மேஸ்திரி மோந்து பார்த்து, "சுத்தமான தண்ணிங்க" என்றார். ஆறு பேரும் அப்படியே சொன்னார்கள். முதலாளிக்குப் பயந்து சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால்கூட இன்றைக்கு எனக்கு மனசு கொஞ்சம் ஆறும். அவர்களுக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியவில்லை. நிலத்துக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "மத்தவங்கள வுடுங்க. அதோ அந்தத் தம்பி சொல்லட்டும். அவரு படிச்சவரு, பொய் சொல்ல மாட்டாரு" என்று என்னைக் காட்டினார்.

நான் செம்பை வாங்கினேன். மோந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. ஒரு மடக்குக் குடித்தேன். நாக்கில் கசப்பில்லை, உப்பில்லை. மூக்கு படிந்ததற்கு மசால்வடை வாங்கித் தின்றவன் அந்த நேரத்தில் அதை நினைத்திருக்கவேண்டும். நினைக்கவில்லை. டிரம் வாடை ஒன்றுதான் தெரியாது, மற்றதெல்லாம் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நியாயஸ்தன் என்று பெயர் எடுத்தவன் அரைகுறையாகச் சொல்லக்கூடாது என்று அந்தச் செம்புத் தண்ணீர் முழுவதையும் எல்லோர் முன்னாலும் குடித்துவிட்டு, "நல்லாத்தாங்க இருக்குது" என்றேன்.

நிலத்துக்காரர் என் முகத்தைப் பார்த்தார். செம்பை வாங்கிக்கொண்டு போனார். மணியக்காரர், "படிச்ச புள்ளையே குடிச்சிக் காட்டிடுச்சி, இதுக்கு மேல நான் இன்னா பண்றது?" என்று சைக்கிளில் ஏறினார். அன்றிலிருந்து வேலிக்கு மேலே முறம் வரவில்லை. அவர் வீட்டுப் பெண்கள் இரண்டு வயல் தாண்டிக் குடத்தோடு போவதைப் பார்ப்பேன். என்னைப் பொய்யன் ஆக்குவதற்காகவே நடக்கிறார்கள் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. அன்றைக்கு நடந்ததையெல்லாம் விடாமல் மனைவிக்கு எழுதினேன். என் வார்த்தைக்கு ஊரில் எவ்வளவு மதிப்பு பார், என்று முடித்திருந்தேன்.

பெண் குழந்தை பிறந்த செய்தி போஸ்ட் கார்டில் வந்தது. தீட்டுக் கழிந்ததும் வரலாம் என்று மாமியார் எழுதச் சொல்லியிருந்தார். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட, செக்கில் ஆட்டின நல்லெண்ணெய் ஒரு டின் கொண்டுபோகலாம் என்று எனக்குத் தோன்றியது. பாத்திரத்தில் கொண்டுபோனால் ரயிலில் சிந்தும். எங்கள் கொட்டாயில் தின்னர் வருகிற டின் ஒன்று உண்டு, திருகு மூடி போட்டது. ஊரில் அதற்கு ஏகப்பட்ட கிராக்கி. மேஸ்திரியைக் கேட்டு ஒன்று வாங்கினேன். மணல் போட்டுத் தேய்த்தேன், புளி போட்டுத் தேய்த்தேன், சீயக்காய் போட்டுக் கொதிக்கிற வெந்நீரில் மூன்று முறை அலசி, ஒரு வாரம் வெயிலில் கவிழ்த்து வைத்தேன். நானே மோந்து பார்த்தேன். என்னை மட்டும் நம்பக்கூடாது, குழந்தை விஷயம் என்று மற்ற ஆறு பேரிடமும் கொடுத்தேன். ஒவ்வொருவரும் டின்னுக்குள் மூக்கை விட்டு இழுத்துப் பார்த்தார்கள். "கோயில் கொடம் மாதிரி இருக்குதுப்பா" என்றார் மேஸ்திரி. அந்தப் பெண்களில் ஒருத்தி, "புள்ளைக்கி திருஷ்டி சுத்திப் போடச் சொல்லுங்கண்ணே" என்று ஆசையாகச் சொன்னாள்.

ரயிலில் எனக்கு ஒரு பெஞ்சு முழுவதும் கிடைத்தது. நாலு பேர் அந்தப் பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். புது அப்பன் என்று முகத்திலேயே தெரிகிறது போலிருக்கிறது, மரியாதை கொடுக்கிறார்கள் என்று நினைத்துக் காலை நீட்டிக்கொண்டேன். விக்கிரவாண்டியில் இறங்கி டின்னைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன். மாமனார் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிறேன், இன்னும் குரல் கொடுக்கவில்லை. உள்ளேயிருந்து மனைவியின் குரல் கேட்டது.

"யம்மா, அவரு வந்துட்டாரு."

மாமியார் வெளியே வந்து, "வாங்க மாப்ளே" என்று டின்னை வாங்கினார். மூடியைத் திருகினவர் முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டார். திரும்ப மூடி, அதை முற்றத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கியிருப்பார். தொடாதீங்க என்று சொன்ன மனைவி, மனசு கேட்காமல் குழந்தையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றாள். அவள் என்னைத் தூரத்திலிருந்து பார்த்தாள், நான் குழந்தையைக் கிட்டத்தில் பார்த்தேன். இவ்வளவு சின்ன நகங்களா என்று விரலை விரித்துப் பார்த்தேன். உலகத்தில் எனக்கென்று ஒரு ஆள் வந்துவிட்டது என்று நினைத்தேன். மடியில் போட்டுக்கொண்டு என்னென்னவோ பேசினேன்.

"மாப்ளே, புள்ள வெளிக்குப் போயிருக்குது. துணிய மாத்தணும். தெரியலீங்களா?"

"இல்லீங்க அத்தை, நல்லாத்தான் இருக்குது" என்றேன். அந்த வார்த்தையை நான் இதற்கு முன்னால் எங்கே சொன்னேன் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

மாமியார் குழந்தையைத் தூக்கிக் காட்டினார். என் வேட்டியிலும் பட்டிருந்தது. அவர் சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனார். திரும்பி வந்தபோது சிரிப்பு இல்லை. "கண்ண மூடிக்குங்க மாப்ளே. இது இன்னான்னு சொல்லுங்க." மூக்கருகே எதையோ பிடித்தார். "விபூதி" என்றேன். கண்ணைத் திறந்தால் கற்பூரம். மறுபடி மூடச் சொன்னார். "பூ" என்றேன். உரித்த பூண்டு. மூன்றாவதாக அவர் எதையும் கொண்டுவரவில்லை என்று நினைத்துக்கொண்டு, "சும்மா வெறும் கைய காட்டறீங்க" என்றேன். அது கருவாடு. மாமியார் அதைத் தட்டில் வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மனைவி அழவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "ஏங்க, ஒரு சொம்பு தண்ணியையும் குடிச்சிக் காட்டினேன்னு எழுதியிருந்தீங்களே. எதால மோந்து பாத்தீங்க?"

நான் வேட்டிக் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்க கெணத்துக்கு யாராவது வந்து இப்படிச் சாட்சி சொல்லியிருந்தா எங்கப்பா தாங்குவாரா? அந்த ஊட்லயும் புள்ளைங்க இருக்குமில்ல?" என்றாள். பிறகு, "வேலைய வுட்டாப் போதும்னு அன்னிக்குச் சொன்னேன். இப்ப அது பத்தாது. அந்த ஆளுகிட்டயும் மணியக்காரர்கிட்டயும் தெரியாம சொல்லிட்டேன்னு போயிச் சொல்லுங்க. சொல்லிட்டு வந்தீங்கன்னா நான் வர்றேன்" என்றாள். அதையும் குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள்.

எண்ணெய் டின்னைத் திரும்பத் தூக்கிக்கொண்டு புறப்பட்டேன். எருக்குழியில்கூட ஊற்ற முடியாது என்று மாமியார் சொல்லிவிட்டார். இந்த முறை ரயிலில் எனக்குப் பெஞ்சு கிடைத்தபோது காரணம் தெரிந்திருந்தது. எழுந்து போய்க் கதவோரமாக நின்றுகொண்டேன்.

நேரே மணியக்காரர் வீட்டுக்குப் போனேன். வாசலில் வைத்து மூடியைத் திறந்தேன். உள்ளேயிருந்து அவர் சம்சாரம், "யாருங்க அது, வார்னிஷ் கொட்டனது?" என்று கத்தினாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நம்புவதா வேண்டாமா என்று தெரியாமல், கொட்டாயிலிருந்து மற்ற ஆறு பேரையும் வரவழைத்தார். டின்னை அவர்களிடம் கொடுத்தார். வீட்டு ஜனம் முழுவதும் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்க, ஆறு பேரும் ஒவ்வொருவராக மோந்து பார்த்து, "நல்லெண்ணெய்தாங்க, இன்னா கொற?" என்றார்கள். அவர்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நம்பிக்கையான முகங்கள். நானும் அன்றைக்குச் செம்பைப் பிடித்துக்கொண்டு இப்படித்தான் நின்றிருப்பேன்.

"ஒங்களுக்கு மூக்கே இல்லைய்யா" என்றார் மணியக்காரர். மேஸ்திரிக்கு வந்ததே கோபம். மடியிலிருந்து பொடி டப்பாவை எடுத்து ஒரு சிட்டிகை இழுத்து நாலு தும்மல் போட்டு, "இது மூக்கு இல்லாம இன்னாவாம்?" என்று கேட்டார். என் பக்கம் திரும்பி, "உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு படிச்ச புள்ளைக்கித் தெரியாதா?" என்றார். என்னோடு கூடப்பிறந்தவர்களைப் போல இருந்த அந்தப் பெண்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். திண்டிவனத்தில் என்னைப் பார்த்து முகம் சுளிக்காத ஆறு பேர் அவர்கள்தான். அவர்களும் அன்றோடு போனார்கள்.

பிறகு நிலத்துக்காரரிடம் போனேன். அவர் கிணற்றைச் சுற்றி முள் வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார், கன்று எதுவும் வாய் வைத்துவிடக்கூடாது என்று. காற்று பார்த்து நானே தள்ளி நின்றுகொண்டு சொன்னேன். எனக்கு மூக்கு போய்விட்டது, அன்றைக்கே போயிருக்கிறது, தெரியாமல் சொல்லிவிட்டேன், மணியக்காரரிடம் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று. அவர் முள்ளைக் கீழே வைத்தார்.

"நீ நல்லவன் தம்பி. அதான் பேஜாரு. கெட்டவன் சொல்லியிருந்தா எவனும் நம்பியிருக்க மாட்டான்."

திரும்ப முள்ளைக் கையில் எடுத்துக்கொண்டார். "சரி, போ" என்றார். "போயிட்டு வா" என்று சொல்லவில்லை.

மணியக்காரர் தாலுகா ஆபீஸுக்கு எழுதினார். சில மாதத்தில் முதலாளி கொட்டாயைப் பிரித்து வேறு எங்கோ கொண்டுபோனார். வேறு ஏதோ ஊர் வாய்க்காலைத் தேடித்தான் போயிருப்பார். கிணற்றுக்கு என்ன ஆயிற்று என்று பிற்பாடு அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். முள் அப்படியே இருந்தது. மல்லாட்டை போட்ட இடத்தில் சவுக்கு வைத்திருந்தார்கள். இறங்கி விசாரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நான் அதற்கெல்லாம் முன்பே வேலையை விட்டு விழுப்புரத்துக்கே திரும்பி, ஜங்ஷனுக்கு எதிரே ஒரு சைக்கிள் கடையில் சேர்ந்தேன். டாக்டர் ஒருவர் மூக்குக்குள் விளக்கு அடித்துப் பார்த்து, வந்தால் வரும் என்றார். வரவில்லை. மனைவி சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினாள். நான் போய்ச் சொல்லிவிட்டேன் என்று கடிதம் கிடைத்த வாரமே குழந்தையோடு வந்து இறங்கினாள். ஸ்டேஷனில் ஜனங்களுக்கு நடுவிலேயே என் தோள் பக்கம் முகத்தைக் கொண்டுவந்து ஒரு தரம் மூச்சை இழுத்தாள். பிறகு குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, முதல்முறையாக என்னை ஒட்டி நடந்து வந்தாள்.

வீட்டுக்கு வந்து, எல்லோரும் செய்கிற மாதிரி குழந்தையின் உச்சந்தலையில் முகத்தை வைத்தேன். மெத்தென்று இருந்தது, கதகதப்பாக இருந்தது, அவ்வளவுதான். "இவ மேல இன்னா வாசனை அடிக்குது?" என்று மனைவியைக் கேட்டேன்.

"பால் வாடைதாங்க. வேற இன்னா அடிக்கும்?" என்று சிரித்தாள்.

பால் வாடை எப்படி இருக்கும் என்று யோசித்தேன். எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.